பஸ்ஸில் தொடங்கித் தேங்காய்க் களம் வரை: சார்பு வரைபடமும் மணி வளைவும்

பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் நான் டியூஷன் எடுக்கும் திண்ணைக்கு மூன்று விதமான பிள்ளைகள் வருகிறார்கள். எருத்தேம்பதி, வண்ணாமடைப் பக்கம் பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, பிளஸ் ஒன்னில் திடீரென்று ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்டவர்கள் ஒரு கூட்டம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் இன்னொரு கூட்டம். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் கல்லூரிக்குப் போய், வணிகவியலில் புள்ளியியல் தாளில் மாட்டிக்கொண்டவர்கள் மூன்றாவது. ஒருவர் நிகழ்தகவு என்பார், ஒருவர் சாத்யத என்பார், இன்னொருவர் ப்ராபபிலிட்டி என்பார். அதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். மூவரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பள்ளி முழுக்க வரைபடத்தில் உயரத்தைப் படித்துப் பழகியவர்கள், மணி வளைவு வந்ததும் அங்கேயும் உயரத்தையே படிக்கிறார்கள். அங்கே அளக்க வேண்டியது பரப்பு. அந்த இடத்தைக் கடக்க உதவத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கிராஃப் தாள், பென்சில், ஸ்கேல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெறுமனே படித்தால் தூக்கம்தான் வரும்.

முதலில் அச்சைப் படியுங்கள்

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு பஸ் வருகிறது. முதல் 20 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் வந்துவிட்டது. எல்லைச் சாவடியில் 5 நிமிடம் நிற்கிறது. மிச்சமுள்ள 10 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் என் கற்பனை, சாவடியில் நிற்பது மட்டும் நிஜம்.

கிடை அச்சில் நேரம், குத்து அச்சில் தூரம். கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள்: எந்த அச்சில் என்ன இருக்கிறது? எந்த அலகில்? எங்கிருந்து தொடங்குகிறது? இதைக் கேட்காமல் கோட்டுக்குத் தாவுகிறவர்கள், படுத்துக் கிடக்கும் கோட்டைப் பார்த்து "இங்கே ரோடு சமதளமாக இருக்கு" என்பார்கள். அது ரோட்டின் படம் இல்லை. படுத்த கோடு என்றால் நேரம் ஓடுகிறது, தூரம் ஏறவில்லை, அதாவது பஸ் நிற்கிறது. முதல் துண்டின் சாய்வு மணிக்கு 30 கிலோமீட்டர், கடைசித் துண்டினுடையது 24. கோடு செங்குத்தாக ஏற ஏற வேகம் அதிகம்.

இது ஏன் சார்பு? ஒரு நேரத்தைச் சொன்னால் பஸ் இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். 15ஆவது நிமிடத்தில் பஸ் இரண்டு ஊரில் இருக்க முடியாது. ஸ்கேலைக் குத்தாகப் பிடித்து இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். எந்த இடத்திலும் கோட்டை ஒரு தடவைக்கு மேல் வெட்டக் கூடாது. குத்துக்கோட்டுச் சோதனை என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஒரே தூரத்தில் ஐந்து நிமிடம் இருப்பதில் தப்பில்லை, ஸ்கேலைப் படுக்கவைத்துச் சோதித்துக் குழம்பாதீர்கள். உள்ளே போடும் நேரங்கள்தான் மதிப்பகம்: 0 முதல் 50 நிமிடம். வெளியே வரும் தூரங்கள் வீச்சகம்: 0 முதல் 20 கிலோமீட்டர். அவ்வளவுதான், இந்த இரண்டு வார்த்தைக்கும் மிரள வேண்டாம்.

பஸ் லேட்டானால் வரைபடம் எந்தப் பக்கம் போகும்?

இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று போவோம். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது.

அதே பஸ் இன்று 15 நிமிடம் தாமதமாகக் கிளம்புகிறது. படம் அப்படியே 15 நிமிடம் வலது பக்கம் நகரும், இதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சூத்திரத்தில் நேரத்துக்குப் பதிலாக நேரம் − 15 என்று எழுத வேண்டும் என்றால் உடனே சண்டை: "கழித்தால் இடது பக்கம்தானே போகணும்?" இப்படி யோசித்துப் பாருங்கள். 40ஆவது நிமிடத்தில் லேட் பஸ் எங்கே இருக்கும்? நேரத்துக்குக் கிளம்பிய பஸ் 25ஆவது நிமிடத்தில் எங்கே இருந்ததோ அங்கே. 25 எப்படி வந்தது? 40 − 15. லேட் பஸ்ஸைப் பற்றித் தெரிந்துகொள்ள, 15ஐக் கழித்துப் பழைய பஸ்ஸின் அட்டவணையைப் பார்க்கிறோம். கழித்தல் நம் கணக்குக்கு, நகர்வு வலது பக்கம்.

இன்னொரு பஸ் ஓட்டை வண்டி. எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது, சாவடியில் நிற்பது உட்பட. 40ஆவது நிமிடத்தில் அது இருக்கும் இடம், நல்ல பஸ் 20ஆவது நிமிடத்தில் இருந்த இடம். 40 ÷ 2. உள்ளே வகுத்தால் படம் அகலமாகிறது.

கழித்து நகர்த்துவது, வகுத்து அகலப்படுத்துவது என்ற இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி வளைவை நீங்களே வரையுங்கள்

மணி வளைவுக்குப் புத்தகப் பெயர் இயல்நிலைப் பரவல். அதன் சூத்திரத்தைப் புத்தகத்தில் பார்த்தால் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அதைத் துண்டுதுண்டாகப் பிரித்தால் எல்லாம் தெரிந்த சாமான்தான்.

முதலில் எக்ஸ் வர்க்கம்: நிமிர்ந்த கிண்ணம் போன்ற பரவளையம். அதைப் பாதியாக்கி முன்னால் கழித்தல் குறி போட்டால் கிண்ணம் கவிழ்ந்துவிடும். அந்த மதிப்பை 2.718 என்ற எண்ணுக்கு அடுக்காக வையுங்கள். நடுவில், எக்ஸ் 0 ஆகும்போது, அடுக்கு 0, மதிப்பு 1. எக்ஸ் 1 ஆனால் 0.607. 2 ஆனால் 0.135. 3 ஆனால் 0.011. இரண்டு பக்கமும் கீழே விழுகிறது, ஆனால் அச்சைத் தொடுவதே இல்லை. கடைசியாக எல்லா மதிப்பையும் 2.507ஆல் வகுக்கிறோம், அது இரண்டு பையின் (2π) வர்க்கமூலம். எதற்கு? வளைவின் கீழ் மொத்தப் பரப்பு சரியாக 1 ஆக வேண்டும், அதற்குத்தான்.

இப்போது கிராஃப் தாள். கிடை அச்சில் 2 சென்டிமீட்டருக்கு 1. குத்து அச்சில் 2 சென்டிமீட்டருக்கு 0.1. தாளின் நடுவில் 0. புள்ளிகளை வையுங்கள்:

0 இல் உயரம் 8 செ.மீ.
0.5 இல் 7 செ.மீ.
1 இல் 4.8 செ.மீ.
1.5 இல் 2.6 செ.மீ.
2 இல் 1.1 செ.மீ.
2.5 இல் 0.35 செ.மீ.
3 இல் அரும்பு மாதிரி 0.1 செ.மீ.

இடது பக்கமும் இதே உயரங்கள். புள்ளிகளைக் கையால் இணையுங்கள், ஸ்கேல் வேண்டாம். உச்சியிலிருந்து இறங்கும்போது முதலில் கவிழ்த்த கிண்ணம் போல வளையும் பென்சில், ஓர் இடத்தில் நிமிர்ந்த கிண்ணம் போலத் திரும்பும். அந்தத் திருப்பம் சரியாக 1 இல் வரும். அந்த 1 தான் திட்டவிலக்கம், அதாவது சிதறலின் அளவு. திட்டவிலக்கத்தைச் சூத்திரத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு, அது வளைவில் கண்ணுக்கே தெரியும் என்பது ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்து கட்டங்களை எண்ணுங்கள். ஒரு சென்டிமீட்டர் கட்டத்தின் பரப்பு 0.5 × 0.05, அதாவது 0.025. மொத்தப் பரப்பு 1 என்றால் வளைவின் கீழ் 40 கட்டங்கள் இருக்க வேண்டும். அரைகுறைக் கட்டங்களைச் சேர்த்து எண்ணினால் கிட்டத்தட்ட வரும். −1 முதல் 1 வரை மட்டும் எண்ணினால் சுமார் 27. நாற்பதில் இருபத்தேழு, 68 சதவீதம். −2 முதல் 2 வரை எண்ணினால் 38, அதாவது 95 சதவீதம். −3 முதல் 3 வரை 99.7. இந்த 68, 95, 99.7ஐ எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு தடவை கட்டம் எண்ணியவர்களுக்கு அது மறக்காது. என் திண்ணையில் இதற்கு ஒரு முழு சாயங்காலம் போகும். போகட்டும்.

தேங்காய்க்கு வருவோம்

இந்தப் பக்கம் எந்தக் களத்தில் பார்த்தாலும் உரித்த தேங்காய் குவிந்து கிடக்கும். ஒரு காயின் எடையை எது முடிவு செய்கிறது? தண்ணீர், உரம், மரத்தின் வயது, குலையில் எத்தனை காய், எப்போது பறித்தார்கள் என்று எத்தனையோ சின்னச் சின்னக் காரணங்கள். சில கூட்டும், சில குறைக்கும். இப்படிப் பல சிறு தாக்கங்கள் சேர்ந்து உருவாகும் அளவுகள் மணி வளைவை ஒட்டி வருவதுண்டு. டி மாய்வர் என்ற கணிதவியலாளர் 1733இல் இந்த வளைவைக் கண்டதும் நாணயங்களைப் பலமுறை சுண்டும் கணக்கில்தான்; ஒவ்வொரு சுண்டலும் ஒரு சின்னத் தாக்கம். 1809இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் வானியல் அளவீடுகளில் வரும் பிழைகளுக்கு இதையே எடுத்துக்கொண்டார். யூரோ வருவதற்கு முந்தைய ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் இந்த வளைவையும் அச்சடித்திருந்தார்கள்.

நம் களத்தில் ஒரு காயின் சராசரி எடை 550 கிராம், திட்டவிலக்கம் 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். திட்டவிலக்கம் என்றால், காய்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கு ஓர் அளவு. ஒவ்வொரு விலகலையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்பது.

தேங்காயின் வளைவு எப்படி இருக்கும்? நீங்கள் வரைந்த அதே வளைவை 60 மடங்கு அகலமாக்கி, பிறகு 550 கிராம் வலது பக்கம் நகர்த்தியது. லேட் பஸ்ஸும் ஓட்டை வண்டியும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி. அப்படியானால் ஒரு காயைப் பற்றிக் கேட்க, அதன் எடையிலிருந்து 550ஐக் கழித்து 60ஆல் வகுத்துப் பழைய வளைவைப் பார்க்க வேண்டும். இசட் மதிப்பு என்று புத்தகம் பயமுறுத்துவது இவ்வளவுதான். 610 கிராம் காய்க்கு இசட் 1. 430 கிராம் காய்க்கு −2. இசட்டுக்குக் கிராமும் இல்லை, கிலோவும் இல்லை. சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது என்று மட்டும் சொல்லும்.

கணக்கு ஒன்று. 610 கிராமுக்கு மேல் இருக்க நிகழ்தகவு? வளைவை வரையுங்கள், 1 இல் கோடு போடுங்கள், வலது பக்கம் நிழலடியுங்கள். அந்த நிழலின் பரப்புதான் நிகழ்தகவு. புத்தகத்தில் உள்ள இசட் அட்டவணையில் 1 க்கு இடப்பக்கப் பரப்பு 0.8413. நமக்கு வேண்டியது வலப்பக்கம்: 1 − 0.8413 = 0.1587. ஆயிரம் காயில் சுமார் 159.

கணக்கு இரண்டு. 490 க்கும் 640 க்கும் நடுவில்? இசட் −1, 1.5. 1.5 க்கு இடப்பக்கம் 0.9332, −1 க்கு 0.1587. கழித்தால் 0.7745.

கணக்கு மூன்று. 430 க்குக் கீழே? இசட் −2, விடை 0.0228. ஆயிரத்தில் 23 காய்.

எந்தக் கணக்கானாலும் நிழலடிக்காமல் அட்டவணையைத் தொடாதீர்கள். நிழல் பாதிக்கு மேல் இருந்தால் விடை 0.5 ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சிறிதாக. தேர்வில் வரும் தப்புகளில் பெரும்பகுதி இந்த ஒரு பார்வையிலேயே பிடிபடும்.

"சரியா 550 இருக்க?"

போன வருடம் ஒரு பெண் கேட்டாள். "அக்கா, உச்சி 550லதானே இருக்கு? அப்ப காய் சரியா 550 கிராம் இருக்க நிகழ்தகவு அந்த உயரம்தானே?"

நல்ல கேள்வி. பெரும்பாலான புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடும்.

உயரத்தைக் கணக்கிடுவோம். பழைய வளைவின் உச்சி 0.399. அகலத்தை 60 மடங்காக்கினால், பரப்பு 1 ஆகவே இருக்க உயரம் 60இல் ஒரு பங்காகக் குறையும்: 0.00665. பார்த்தால் நிகழ்தகவு மாதிரித்தான் இருக்கிறது. சரி, இப்போது அதே காய்களைக் கிலோவில் எழுதுங்கள். சராசரி 0.55, திட்டவிலக்கம் 0.06. உச்சி 0.399 ÷ 0.06, அதாவது 6.65. நிகழ்தகவு 1 ஐத் தாண்டலாமா? காய் மாறவில்லை, களம் மாறவில்லை, தராசில் அலகை மட்டும் மாற்றினோம். உயரம் ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது. ஆக, உயரம் நிகழ்தகவாக இருக்கவே முடியாது. அது அடர்த்தி: ஒரு கிராமுக்கு எவ்வளவு, அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்ற கணக்கு.

அப்படியானால் சரியாக 550 க்கு விடை என்ன? பூஜ்யம். ஒரு கோட்டுக்கு அகலம் இல்லை, பரப்பும் இல்லை. "ஆனா தராசுல 550ன்னு காட்டுமே!" காட்டும். கிராம் வரை காட்டும் தராசு 549.5 முதல் 550.5 வரை உள்ள எல்லாவற்றையும் 550 என்றே காட்டும். அந்தக் குறுகிய பட்டையின் அகலம் 1 கிராம், உயரம் 0.00665. பெருக்கினால் 0.00665. ஆயிரம் காயில் ஏழு. உயரத்தை அகலத்தால் பெருக்கிய பிறகுதான் அது நிகழ்தகவு ஆகிறது. அந்தப் பெண் தராசு என்றதால்தான் எனக்கே இந்த விளக்கம் சரியாகப் பிடிபட்டது.

அட்டவணையில் ஒரு கண்ணிவெடி

இசட் அட்டவணை பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று இடது கோடியிலிருந்து பரப்பைத் தரும். 1 க்கு நேராக 0.8413 இருக்கும். மற்றது நடுவிலிருந்து தரும். அதில் 1 க்கு நேராக 0.3413. எல்லையின் இந்தப் பக்கம் ஒரு புத்தகம், அந்தப் பக்கம் ஒரு கைடு என்று கலந்து படிக்கும் பிள்ளைகள் இங்கே நிச்சயம் மாட்டுவார்கள். கண்டுபிடிக்க ஒரே வழி: 0.00 க்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 0.5000 என்றால் இடது கோடி, 0.0000 என்றால் நடு.

நான் படித்த காலத்தில் ஒரு தேர்வுக்கூடத்தில் கொடுத்த அட்டவணை முதல் வகை. எனக்குப் பழக்கமானது இரண்டாவது. பழக்க தோஷத்தில் 0.5 ஐக் கூட்டி, நிகழ்தகவு 1.3413 என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் போட்டுவிட்டு வந்தேன்.

தலைகீழ்க் கணக்கு

பெரிய காய்களில் முதல் 10 சதவீதத்தைத் தனியாகப் பிரித்து நல்ல விலைக்கு விற்க நினைக்கிறார் களத்துக்காரர். எத்தனை கிராமில் கோடு போடுவது? இப்போது பரப்பு தெரியும், எடைதான் தெரியாது. அட்டவணைக்குள்ளே 0.9000 க்குப் பக்கத்தில் தேடினால் 0.8997 கிடைக்கும், அதற்கு இசட் 1.28. பழைய வழியைத் திருப்பிப் போங்கள்: 60ஆல் பெருக்கி 550 கூட்டினால் 626.8. சுமார் 627 கிராம். கழித்து வகுத்தது உள்ளே போகும் வழி. பெருக்கிக் கூட்டுவது வெளியே வரும் வழி. வரிசையையும் திருப்ப வேண்டும்: முதலில் பெருக்கல், பிறகுதான் கூட்டல்.

கேரளப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் ஏற்கெனவே பழக்கம். அதில் நிகழ்தகவுக் கணிப்பான் இருக்கிறது. சராசரி, திட்டவிலக்கம் கொடுத்து எல்லைகளை இழுத்தால் நிழலும் விடையும் கூடவே நகரும். விடையைச் சரிபார்க்க அருமையான சாதனம். ஆனால் கையால் பத்துக் கணக்காவது போட்ட பிறகு திறவுங்கள்.

எல்லாக் குவியலும் மணி இல்லை

களத்தில் நெட்டை மரத்துக் காயும் குட்டை மரத்துக் காயும் கலந்து கொட்டியிருந்தால், எடைகளை வரைந்து பார்க்கும்போது இரண்டு திமில் வரலாம். அதற்குச் சராசரி எடுத்து இசட் கணக்குப் போட்டால், அந்தச் சராசரி எடையில் காயே அதிகம் இல்லாத கூத்து நடக்கும். பாலக்காட்டில் ஒவ்வொரு நாளும் பெய்யும் மழையளவும் மணி ஆகாது. பெய்யாத நாட்கள் எல்லாம் பூஜ்யத்தில் குவியும், கொட்டித் தீர்க்கும் சில நாட்கள் வலது பக்கம் நீண்ட வாலாகப் போகும். வருமானமும் இப்படித்தான். ஆகவே எண்கள் கைக்கு வந்ததும் முதல் வேலை, அவற்றைப் பட்டைப் படமாக வரைந்து ஒரு திமில்தானா, இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்ப்பது. கணக்கு அப்புறம்.

போட்டுப் பார்க்க ஒன்று. முதலமடை மாந்தோப்பில் ஒரு பழத்தின் சராசரி எடை 250 கிராம், திட்டவிலக்கம் 40 கிராம், பரவல் இயல்நிலை என்று கொள்ளுங்கள். 200 க்குக் கீழே உள்ளவை ஜூஸுக்கு, 330 க்கு மேல் உள்ளவை அட்டைப்பெட்டிக்கு, மற்றவை சந்தைக்கு. ஆயிரம் பழத்தில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை போகும்? −1.25 க்கு இடப்பக்கப் பரப்பு 0.1056, 2 க்கு 0.9772. நிழலடித்துவிட்டுத் தொடங்குங்கள். ஜூஸுக்கு 106, பெட்டிக்கு 23, சந்தைக்கு 871 அல்லது 872 வந்தால் சரி. அந்த ஒரு பழத்துக்காகச் சண்டை வேண்டாம், தசமத்தை எங்கே வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது.